மூர் மார்க்கெட் குவியலும் இணையக் குவியலும்

1980களின் தொடக்கத்தில் சென்னையில் பழைய சரித்திரப் புத்தகம் வேண்டுமென்றால் மூர் மார்க்கெட்டுக்குத்தான் போவோம். இன்ன புத்தகம் என்று கேட்டு வாங்கியவர்கள் குறைவு. குவியலைக் கிளறும்போது கையில் எது சிக்குகிறதோ அதுதான் அன்றைய வரவு. கடைக்காரர் அட்டையைப் பார்த்து விலை சொல்ல மாட்டார், நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார். முதல் தொகுதி கிடைத்தால் இரண்டாவது கிடைக்காது. அதைத் தேடி ஒரு நூலகத்துக்குப் போனால், "பைண்டிங்குக்குப் போயிருக்கு தம்பி" என்ற பதில்தான் வரும். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்தக் குவியல்களும் போயின.

மூர் மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் வால்டாக்ஸ் ரோடு. போன வருஷம் அங்கே ஒரு விலாசம் தேடி அந்தப் பெயரை இணையத்தில் தட்டினேன். வந்து நின்றது எச்.டி. லவ் எழுதி 1913ல் லண்டனில் வெளியான 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்'. மூன்று தொகுதி, பொருளடைவுக்கென்று தனியாக இன்னொன்று. அந்தப் பெயரின் கதை அதில் இருந்தது. 1767ல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து மிரட்டிப் போன பிறகு, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்கு மதில் எழுந்தது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள்; வசூலாகவில்லை. வசூலாகாத அந்த 'வால் டாக்ஸ்', அதாவது மதில் வரியின் பெயரைத்தான் இன்றும் ஆட்டோக்காரரிடம் சொல்லி ஏறுகிறோம்.

விலாசம் மறந்தே போயிற்று. அங்கிருந்து ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போய், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இறங்கினேன். 1904 முதல் 1928 வரை சென்னையில் வெளியான 12 தொகுதிகள், வரிசை குலையாமல். ஒரு பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் விழுந்திருந்தது. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. அந்தப் பிரதியை யாருமே வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை போலிருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர் பிள்ளை. 1736 செப்டம்பரில், நள வருஷம் ஆவணியில் தொடங்கி, 1761ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த சமயத்தில் தாம் இறக்கும்வரை எழுதினார். கப்பல் வரவு, சரக்கு விலை, டூப்ளேயின் மனைவி செய்த தலையீடுகள், யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள் என்பதுவரை எல்லாம் உண்டு. 1748ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. இடிக்கச் செய்தவரிடமே வேலை பார்த்த மனிதர், அந்த வேதனையைத் தமிழில் எழுதிவைத்தார். என் பள்ளிப் புத்தகத்தில் டூப்ளேக்கும் கிளைவுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய இவருக்கு ஒரு வரிகூட இல்லை. இதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மூர் மார்க்கெட்டில் கிடைக்காத முழு வரிசை இப்போது காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அங்கே, "இதை எடுங்க சார், நல்லா இருக்கும்" என்று சொல்ல ஒரு கடைக்காரர் இருந்தார். இங்கே அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அதனால் சொல்கிறேன்: 12 தொகுதிகளைக் கண்டு மலைக்காதீர்கள், 1748ஆம் வருஷத்திலிருந்து தொடங்குங்கள். முற்றுகையும் கோயிலும் அங்கேதான் வருகின்றன.