ஊரையே ஜாக்கி வைத்துத் தூக்கிய கதை

எங்கள் தெருவில் புதிதாகத் தார் போட்டால் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். வாசலில் இன்னும் எத்தனை படி மிச்சம் என்று எண்ணிப் பார்ப்போம். கட்டியபோது மூன்று. இப்போது ஒன்று. அடுத்த தேர்தல் வந்தால் வீட்டுக்குள் 'இறங்கி' வருகிறவர்களை வரவேற்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வயிற்றெரிச்சலில் நான் நினைத்துக்கொள்ளும் ஊர் சிகாகோ. மிச்சிகன் ஏரியின் நீர்மட்டத்தைவிடச் சில அடிகளே உயரமான சதுப்பு. எருமைகள்கூட யோசித்துப் படுக்கும் இடத்தில் மனிதர்கள் மனை வாங்கினார்கள். சேற்றுக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்ததாம். "கை கொடுக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "வேண்டாங்க, கீழே குதிரை இருக்கு" என்று பதில் வந்ததாம். இது அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரித்த ஜோக்.

1854-ல் காலரா வந்து 1,400 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. சிரிப்பு நின்றது. மறு வருஷம் பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்பரோ என்ற என்ஜினீயரை அழைத்து வந்தார்கள். எந்தக் கொத்தனாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: சாக்கடைக்கு வாட்டம் வேண்டும், தோண்டினால் தண்ணீர். ஆகவே குழாயைத் தெருவின் மேலேயே போடுங்கள், மண்ணைக் கொட்டி மூடுங்கள், அதன்மேல் புதுத் தெரு. சரி, வீடுகள்? அதையும் தூக்குங்கள்!

மனிதர் குடித்துவிட்டுப் பேசவில்லை. ஊரும் நிஜமாகவே தூக்கியது. 1860-ல் லேக் ஸ்ட்ரீட்டில் 320 அடி நீளக் கடைவரிசை ஒன்றின் அடியில் 6,000 ஜாக்கிகளைச் செருகினார்கள். ஆள் 600 பேர். ஒருவருக்குப் பத்து ஜாக்கி. சைகை கிடைத்ததும் எல்லோரும் ஒரே அளவு திருக வேண்டும். ஒருவன் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றால் சுவர் விரிசல் விட்டுவிடும். ஐந்தே நாளில் 4 அடி 8 அங்குலம் மேலே போனது. கடைகளில் வியாபாரம் ஒரு நாளும் நிற்கவில்லை. மறு வருஷம் ட்ரெமான்ட் ஹவுஸ் என்ற ஆறு மாடி ஓட்டலை, விருந்தாளிகளைக் காலி செய்யாமலேயே தூக்கினார்கள். "நேற்றைவிட இன்று படி அதிகமாக இருக்கிறதே" என்று ஒருவர் குழம்பினாராம். பாவம், நம்ம ஊர்க்காரர் என்றால் படி குறைவதைப் பார்த்துத்தான் குழம்பியிருப்பார்.

மரவீடுகளுக்கு இவ்வளவு மரியாதை இல்லை. உருளையில் ஏற்றி வேறு தெருவுக்கு உருட்டிவிட்டார்கள். ஒரே நாளில் ஒன்பது வீடுகள் எதிரே வந்ததாக ஸ்காட்லாந்துப் பயணி டேவிட் மக்ரே எழுதி வைத்திருக்கிறார்.

இத்தனையும் செய்து, சாக்கடையை எங்கே விட்டார்கள்? ஆற்றில். ஆறு ஏரியில். குடிதண்ணீரோ அதே ஏரியிலிருந்து! கடைசியில் 28 மைலுக்குக் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றையே பின்பக்கமாக ஓடவிட்டார்கள். வீட்டுச் சாக்கடையைப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிடும் வித்தைதான், கொஞ்சம் பெரிய அளவில். ஆற்றோட்டத்தில் கீழே இருந்த மிசௌரி மாநிலம் கோர்ட்டில் தடை வாங்குவதற்குள் சத்தமில்லாமல் மதகைத் திறந்துவிட்டார்கள். 1906-ல் மிசௌரி வழக்கில் தோற்றது. பெருமழைக்கு அந்தக் கால்வாயும் பற்றாமல், 1970-களிலிருந்து பூமிக்கடியில் 109 மைல் சுரங்கம் வெட்டினார்கள். அதன் நீர்த்தேக்க வேலை இன்னும் முடியவில்லை.

சிகாகோ யோக்கியமான ஊர் என்று நான் சொல்லவில்லை. வீடு தூக்கிய செலவு அங்கேயும் வீட்டுக்காரர் தலையில்தான் விழுந்தது. ஆனால் தெரு எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், உயர்த்திய தெருவுக்கு அடியில் சாக்கடை இருந்தது. நமக்குத் தாருக்கு அடியில் பழைய தார், அதற்கும் அடியில் இன்னும் பழைய தார். சென்னையில் இப்போது வீடு தூக்கித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் குடைந்து, வரிசையாக ஜாக்கி செருகி, அங்குலம் அங்குலமாக ஏற்றுகிறார்கள். மழை இனிமேல் குறையப்போவதில்லை. இவர்களுக்கு நல்ல எதிர்காலம்.

பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவுக்குத் தார் லாரி வந்தால், முதல் வேலையாக "சுரண்டியாச்சா?" என்று கேளுங்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்கப் போவதற்குள் ரோலர் தெருமுனையைத் தாண்டிவிட்டது.