டேலி ஆகுதா?

மார்ச் கடைசி வாரம், ஆம்பூர் பைபாஸ் ஓர பிரியாணிக் கடை. தட்டில் கத்தரிக்காய் ஆறிக்கொண்டிருக்க, இடது கையில் போனைப் பிடித்தபடி "ரெண்டு பக்கமும் ஒரே தொகை காட்டணுங்க" என்று யாரிடமோ ஒருவர் கெஞ்சிக்கொண்டிருந்தால், அவர்தான் கன்சால் சார். கன்சாலிடேஷன் என்று முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் நேரமில்லை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

பேரணாம்பட்டில் டேனரி, ஆம்பூரில் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டையில் இன்னொன்று. குடும்பம் ஒன்று, கம்பெனி மூன்று. துணைக் கம்பெனிகளையும் சேர்த்து ஒரே கணக்காகக் காட்டு என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. டேனரியில் டேலி, ஷூ கம்பெனியில் ஈஆர்பி, ராணிப்பேட்டையில் மேனேஜர் கைவண்ணத்தில் ஓர் எக்செல். போதாதென்று பட்ஜெட்டுக்குத் தனி சாப்ட்வேர். நான்கும் தமக்குள் பேசிக்கொள்ளும் என்றார் விற்க வந்தவர். பேசத்தான் செய்கின்றன, கோர்ட்டுக்குப் போன பங்காளிகள் மாதிரி, நடுவில் ஓர் ஆளை வைத்து.

அந்த ஆளின் முதல் எதிரி சதுர அடி. தோல் ஈரத்துக்குத் தகுந்தபடி சுருங்கும். இழுத்துக் காயவைத்தால் விரியும். டேனரி மெஷின் 10,000 அடி என்று பில் போடும், ஷூ கம்பெனி மெஷின் 9,870 என்று வரவு வைக்கும். ஐரோப்பிய பையர் சதுர டெசிமீட்டரில் கேட்பார், அடிக்கு 9.29 என்று பெருக்கும்போது இன்னும் கொஞ்சம் உதிரும்.

"அந்த 130 அடி எங்க மாஸ்டர்?"

"வெயில்ல போச்சு சார்."

வெயில் என்ற பெயரில் லெட்ஜர் கிடையாது. திறக்கலாமா என்று அவர் ஒருமுறை ஆடிட்டரிடம் கேட்டே விட்டார்.

டேனரி லாபம் வைத்து ஷூ கம்பெனிக்கு விற்ற தோல் ஸ்டோரிலேயே கிடந்தால், சேர்த்த கணக்கில் அந்த லாபத்தைக் கழித்துவிட வேண்டும். இதை முதலாளிக்கு விளக்க 40 ஸ்லைடு தயாரித்தார். மூன்றாவதிலேயே ஹாஜியார் கையமர்த்தினார். "சட்டைப் பையில இருந்து எடுத்து கைலி மடிப்புல சொருகினா லாபமா தம்பி?" மிச்சம் 37 ஸ்லைடு லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது.

பட்ஜெட் சாப்ட்வேர் தனி உலகம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர் திருப்பத்தூரோடு போனது, ராணிப்பேட்டை தனி மாவட்டமானது, பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. ஈஆர்பியில் மாற்றிவிட்டார்கள். பட்ஜெட்டில் இன்னும் மூன்றும் வேலூர்தான். மாதாமாதம் ஆம்பூர்ச் செலவு தன் பட்ஜெட்டைத் தேடி மாவட்டம் மாவட்டமாக அலைகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதமானபோது சேல்ஸ் ஆட்கள் தலையில் கைவைத்தார்கள். இவர் கேட்டது: "எந்த பட்ஜெட்ல மாத்தணும்? ஃபைனல்லயா, ஹாஜியார் சொன்ன ஃபைனல்லயா?"

இவரை மொய் எழுத உட்காரவைக்கக் கூடாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு நோட்டையும் பெண் வீட்டு நோட்டையும் ஒப்பிட்டு, மச்சானும் சகலையும் ஒருவருக்கொருவர் வைத்த 500 ரூபாயை உள்வரவு என்று இரண்டிலும் அடித்துவிட்டார். அந்த இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

மார்ச் 31, இரவு பதினொன்றரை. பேரணாம்பட்டில் விற்பனை ஏறிவிட்டது, ஆம்பூரில் சரக்கு வரவில்லை. டிரைவருக்குப் போன் போடுகிறார்.

"எங்கப்பா இருக்க?"

"வழியில டீ குடிக்கிறேன் சார்."

"அது கேக்கல. எந்தக் கம்பெனியில இருக்க?"

"ரோட்டுல இருக்கேன் சார்."

கன்சால் சார் முகத்தில் அந்த வருஷத்தின் முதல் சிரிப்பு. வழியில் உள்ள சரக்கு என்று எழுதிக்கொண்டு, "அங்கேயே இருப்பா, பன்னெண்டு மணி வரைக்கும் நகராத" என்றார்.