இதர: ரூ. 150

கூக்காலில் எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை. கடைக்காரர் சொல்வது ஒன்று. பொருள் வாசலில் இறங்கியபின் நாம் திண்ணையில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பது இன்னொன்று. கொடைக்கானல் டவுனே பலருக்கு உலகத்தின் கடைசி. அதையும் விட்டு, பூம்பாறை தாண்டி, மன்னவனூர்ப் பக்கமாக மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர் வளைந்து வந்தால் எங்கள் ஊர். கோவையில் பார்சல் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு இதெல்லாம் கிடையாது. பின்கோடு 624 என்று ஆரம்பித்தாலே, "திண்டுக்கல்தானே சார்" என்று எழுதிவிடுவார். திண்டுக்கல்லுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மலை நிற்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பில்லுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த விஷயத்தில் ஊரில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. பூண்டு அனுப்புகிறவர், கட்டில் வரவழைக்கிறவர், மகளுக்குச் சீர்சாமான் ஏற்றுகிறவர் எல்லோரும் போனை என் காதில் வைத்து, "நீங்களே பேசிருங்க" என்பார்கள். நான் பேரமெல்லாம் பேசமாட்டேன், கேள்விதான் கேட்பேன். "கோடவுன் டெலிவரியா, டோர் டெலிவரியா? பெய்டா, டு பேயா? இறக்குகூலி உங்களுதா, எங்களுதா?" மூன்றாவது கேள்வியில் எதிர்முனையில் இருப்பவர், "சார், நீங்க எந்த டிரான்ஸ்போர்ட்?" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஊரிலேயே என்னைக் கேட்காத ஒரே ஆள் என் அக்கா வீட்டுக்காரர். அக்காவைக் கட்டியவர் தம்பியிடம் யோசனை கேட்பதாவது!

மச்சானுக்கு இட்லிக் கடை போடும் ஆசை வந்தது. கோவைக்குப் போய், பழைய மாடல் கல் கிரைண்டர் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்றால் சும்மாவா, புவிசார் குறியீடு வாங்கிய சாமான். பார்சல் ஆபீஸில் 600 ரூபாய் என்றார்கள். "அறுநூறுதான் மாப்ள, முடிஞ்சிருச்சு" என்று அங்கிருந்தே போன் பண்ணினார். முடிந்தது அவருடைய பேச்சுதான்.

பில்லை நான் பார்த்தபோது அது நான்காக மடிந்து அவர் சட்டைப்பையில் இருந்தது. கார்பன் தாளில் நீல எழுத்து. வாடகை 600. ஏற்றுகூலி 80. வத்தலக்குண்டில் வண்டி மாற்றிய வகையில் 120. ரசீதுக்கு 50. டெமரேஜ் 90. கடைசி வரியில், இருப்பதிலேயே அழகான கையெழுத்தில், 'இதர: 150'. மொத்தம் 1,090.

"இந்த இதரங்கிறது என்ன மாப்ள?"

"அதுதான் மச்சான் லாபம். மத்ததெல்லாம் செலவு."

மற்றதற்கெல்லாம் காரணம் உண்டு. 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டி கொடைக்கானல் மலையில் ஏறக்கூடாது என்று 2024-இல் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. பெரிய லாரியில் வரும் சரக்கு அடிவாரத்தில் இறங்கி, சின்ன வண்டியில் ஏற வேண்டும். இறக்க ஒரு கூலி, ஏற்ற ஒரு கூலி. டெமரேஜ், அதாவது கோடவுனில் சரக்கு காத்துக்கிடந்ததற்கான கட்டணம், மச்சானின் சொந்தச் சம்பாத்தியம். சரக்கு வந்துவிட்டதென்று டவுன் கோடவுனிலிருந்து மூன்று நாளாக அவருக்குப் போன் அடித்திருக்கிறார்கள். அவருடைய போனுக்கு டவர் கிடைக்க வேண்டுமானால் அவர் கோயில் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். பார்சலில் எப்போதும் டவர் எடுக்கிற நம்பரைத்தான் கொடுக்க வேண்டும், சொந்த நம்பரே ஆனாலும் எடுக்காது என்றால் கொடுக்கக்கூடாது.

என்னைக் கேட்டால், சரக்கு வாடகையில் கிலோமீட்டரைப் பார்ப்பதே தப்பு. எத்தனை கை மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஒரு கூலி, அதைத் தவிர்க்க அந்தப் பிரம்மாவாலும் முடியாது. கையைக் குறைக்கத்தான் முடியும். எங்கள் பக்கத்துக் காரட்டும் உருளையும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இறங்குகிற பிக்கப் வண்டிகள், திரும்பும்போது பெரும்பாலும் காலியாகத்தான் ஏறுகின்றன. அந்த ரிட்டன் வண்டியைப் பிடித்தால் ஒரே கை. ஆனால் டிரைவரிடம் ஒரு டீக்கு முன்பே தொகையைப் பேசிவிட வேண்டும். டீக்கு அப்புறம் பேசினால் ஏறிவிடும்.

கூரியரில் வேறு மாதிரி வித்தை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதை எடை என்பார்கள். ஒரு பெட்டியில் இலவம்பஞ்சுத் தலையணை நாலைந்தை அடைத்து மகளுக்கு அனுப்பினார் ஒரு அம்மா. பெட்டி 60-க்கு 50-க்கு 40. தராசில் 6 கிலோ, பில்லில் 24 கிலோ. "மிச்சம் 18 கிலோ எங்க தம்பி இருக்கு?" என்று கேட்டார். "காத்தும்மா" என்றாராம் அந்தத் தம்பி. தலையணையை அமுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தால் பாதிக் காற்றாவது ஊரிலேயே தங்கியிருக்கும்.

மச்சான் இன்னொரு சாமர்த்தியமும் செய்திருந்தார். சரக்கு மதிப்பு அதிகம் போட்டால் ரிஸ்க் சார்ஜ் கூடும் என்று யாரோ சொல்ல, ரசீதில் 2,000 என்று எழுதச் சொல்லிவிட்டார். 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சாமான் உடைந்தால் நஷ்டஈடு பொதுவாக வாடகையைப் போல் 10 மடங்குதான். அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. 18,000 ரூபாய்க் கல் வழியில் விரிசல் விட்டிருந்தால் 2,000-ஐ வாங்கிக்கொண்டு ஆட்டுக்கல்தான் தேடியிருக்க வேண்டும்.

நமக்காவது வத்தலக்குண்டோடு போயிற்று. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டதே, அதில் 18 ஆயிரத்துக்கும் மேல் கண்டெய்னர்கள். கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்களும் பங்கு போட வேண்டும் என்று முதலாளி அறிவித்துவிட்டார். கடல் வணிகத்தில் அது பழைய முறை: எல்லோர் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவு எல்லோர் தலையிலும். ஈடு கட்டாமல் சரக்கு கைக்கு வராது. கப்பலை ஓட்டாதவர், கால்வாயைப் பார்க்காதவர், பிளாஸ்டிக் பொம்மைக்கு ஆர்டர் கொடுத்தவர் எல்லோரும் பங்காளி. இதைப் பூம்பாறை டிரைவர்கள் யாரும் படித்துவிடக்கூடாதே என்று எனக்கு உள்ளூரப் பயம். மழைக்காலத்தில் மண்சரிந்து வண்டி நின்றால் ஏறியிருக்கிற ஒவ்வொரு முட்டைக்கோசுக்கும் பங்கு கேட்பார்கள்.

மேலே வரும் சரக்குக்கு நாம் கொடுக்கிறோம், சரி. கீழே போகிற சரக்குக்காவது எதிராளி கொடுப்பாரா? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும்போது வண்டி வாடகை, ஏற்று, இறக்கு, சாக்கு, கமிஷன் எல்லாம் விளைவித்தவர் கணக்கில். கிரைண்டர் ஏறினாலும் நாம், பூண்டு இறங்கினாலும் நாம். குறியீடு வாங்கிய இரண்டு சாமான்களுக்கும் நடுவில் குறியீடு வாங்காத ஒரே ஜீவன் நாம்தான்.

ஒருவழியாகக் கிரைண்டர் ரிட்டன் வண்டியில் ஊர் வந்து சேர்ந்தது. மச்சான் வீடு ரோட்டுக்குக் கீழே, படிக்கட்டு வயல்களுக்கு நடுவில். அங்கே வண்டி போகாது. குதிரைதான்.

குதிரைக்காரர் கிரைண்டரைச் சுற்றி வந்து பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும் கட்டினா குதிரை சாஞ்சிரும்ணே. அந்தப் பக்கமும் சரி எடை வேணும்" என்றார். மச்சான் உடனே பக்கத்துக் கொட்டகையிலிருந்த தன் உருளைக்கிழங்கு மூட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் கிரைண்டர், ஒரு பக்கம் கிழங்கு. குதிரை ஒரு கல்கூடப் பிசகாமல் இறங்கி வாசலில் நின்றது. அக்கா ஆரத்தி எடுக்காத குறை.

"ரெண்டு சுமைக் கூலி கொடுங்கண்ணே."

"ரெண்டா? நான் கொண்டுவரச் சொன்னது கிரைண்டர் மட்டும்தானப்பா! கிழங்கு நீ கேட்டதுக்காகக் கொடுத்தது!"

"குதிரைக்கு அது தெரியாதேண்ணே."

மச்சான் என்னைப் பார்த்தார். முதல்முறையாக யோசனை கேட்கும் பார்வை. கூலியைக் கொடுத்துவிடச் சொன்னேன். கொடுத்தார். குதிரைக்காரர் நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து, "மாப்ள, அந்த மூட்டை வியாழக்கிழமை சந்தைக்குப் போக வேண்டியது. மறுபடி ரோட்டுக்கு ஏத்த இவன் என்ன கேப்பான்?" என்றார்.

"ஒரு மூட்டைன்னா ஒரு பக்கம் சாஞ்சிரும் மச்சான். இன்னொரு மூட்டை இருக்கா?"