படுத்தால்தான் பணம்

என் காலை வெட்டி எடுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி காசு கொடுக்கும். அந்தக் கால் உடம்போடு ஒட்டியே இருக்கட்டும் என்று சுகர் டாக்டரிடம் போய்க் காட்டினால் கொடுக்காது. பாலிசி எடுத்துக் கொடுத்த சித்தப்பா பையனிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவன் அசரவில்லை. "அண்ணே, நீங்க நடந்து போறீங்க, நடந்து வர்றீங்க. அது ஓ.பி. 24 மணி நேரமாவது அட்மிட் ஆகணும். படுத்தாத்தாண்ணே பணம்" என்றான். நான்தான் ஏதோ திமிரெடுத்துப் படுக்க மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது அவன் குரல்.

சர்க்கரை, தைராய்டு வகையறாக்களின் குணமே ஆளைப் படுக்க விடாததுதான். மாரடைப்பு என்றால் ஊரே திரண்டு வந்து பார்க்கும். சர்க்கரைக்காரனைப் பார்க்க யாரும் வருவதில்லை. வந்தாலும் என்ன வாங்கி வருவது என்று குழம்பிக் கடைசியில் கையை வீசிக்கொண்டுதான் வருகிறார்கள். குளித்து, பஸ் பிடித்து, ஆபீசில் திட்டு வாங்கி, எல்லாரையும் போலத்தான் இருக்கிறோம். நாம் நோயாளி என்பது டாக்டருக்கும் லேபுக்கும் மருந்துக் கடைக்கும் மட்டும் தெரியும். மூன்று பேருமே ஜிபே வைத்திருக்கிறார்கள்.

"ஓ.பி.க்கும் சேர்த்துத் தர்ற பாலிசி இருக்குண்ணே" என்றான் தம்பி. கூடுதல் பிரீமியம் எவ்வளவு, வருடத்துக்கு அவர்கள் தரும் உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. அதிலும் ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. முன்பு 4 ஆண்டுவரை இருந்ததை 2024இல் 3 ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள் என்று அவன் பெருமையாகச் சொன்னான். 2025 செப்டம்பரில் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. போனபோதும் அவன்தான் முதலில் போன் செய்து வாழ்த்தினான். அந்த ரினியூவலில் என் வயது ஒரு படி ஏறியிருந்ததால், மிச்சமான பணம் வந்த சுவடே தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஹார்மோனில் ஆண்-பெண் சமத்துவம் உண்டு. எனக்குக் கணையம், என் மனைவிக்குத் தைராய்டு. அவள் மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும்; அதன்பிறகு அரை மணி நேரமாவது காபி கிடையாது. அவள் குடிக்காதபோது எனக்கு மட்டும் எப்படிக் கலப்பாள்? ஆகவே அவளுடைய தைராய்டுக்கு நானும் தினம் அரை மணி நேரம் பத்தியம் இருக்கிறேன். இது எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை.

மாத்திரை என்னவோ மலிவுதான். டப்பாவாக வாங்கி வைத்தால் மாதக்கணக்கில் வரும். செலவெல்லாம் அளவு மாற்றுவதில். போன தடவை டி.எஸ்.எச். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் 50 மைக்ரோகிராமை 75 ஆக்கினார். 25 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமை நாற்பதாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு. கன்சல்டேஷன் பீஸ், லேப், போக வர ஆட்டோ எல்லாவற்றையும் கூட்டி அந்த எடையால் வகுத்துப் பார்த்தேன். தங்கம் தெருவில் கிடக்கிற சாமான் என்று தோன்றியது. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். ஒருவேளை பழையபடி குறைப்பாராம்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று, அதற்குமேல் டி.எம். மூன்று. வகுப்புத் தோழர்கள் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்கிற வயதில் இவர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் ஹார்மோன் டாக்டர் என்பவர் நாக்கை நீட்டு என்று சொல்வதில்லை, முதுகில் ஸ்டெத்தை வைப்பதும் அபூர்வம். தாளைத்தான் பார்க்கிறார். எங்களுக்கு நடுவில் அந்தத் தாள்தான் பேஷண்ட். நான் அதைக் கூட்டிவந்த அட்டெண்டர்.

சுகர் டெஸ்டுக்குக் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். நான் போகும் இடத்தில் ரத்தம் எடுத்ததும் ஒரு டோக்கன் தருவார்கள். அதைக் காட்டினால் கேன்டீனில் மூன்று இட்லி, கூடவே சர்க்கரை இல்லாத காபி. முதல் வாய் வைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம். அந்த ஹாலில் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தபடி அளவாகச் சட்னி தொட்டுக்கொள்வதைப் பார்த்தால், சாப்பாட்டுக்கே பரீட்சை வைத்த ஊர் இதுதானோ என்று தோன்றும்.

இடைவேளையில் காலைப் பார்ப்பார்கள். ஒரு பெண் நைலான் நரம்பு ஒன்றை உள்ளங்காலில் வளையும்வரை அழுத்தி "தெரியுதா சார்?" என்பாள். "தெரியுது." பிறகு அதிர்கிற ஒரு கருவியைக் கட்டைவிரலில் வைத்து, "இப்ப?" "தெரியுது." "இப்ப?" "தெரியுதும்மா." பில்லில் அதற்குத் தனி வரி. வாழ்க்கையிலேயே எனக்கு ஒன்று தெரியும் என்று சொல்ல நான் காசு கொடுத்தது அங்கேதான். அடுத்து கண், அடுத்து மூத்திரத்தில் புரதம், அடுத்து ஈ.சி.ஜி. ஒரு சுகர் டாக்டரைப் பார்க்கப் போனவன் அந்த மாடியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அறிமுகமாகிவிட்டுத்தான் இறங்க முடியும்.

மூணு மாச சுகர் என்கிற ஹெச்.பி.ஏ.1சி. வந்ததிலிருந்து தப்பிக்கவும் வழியில்லை. அந்தக் காலத்தில் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் வாயைக் கட்டினால் ரிசல்ட் யோக்கியமாக வந்துவிடும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறதாம். அதில் ஒட்டிய சர்க்கரை அதோடுதான் போகும். மைத்துனன் மகள் கல்யாணத்துப் பால்கோவா, மொய்ப்பணத்தை எல்லாரும் மறந்த பிறகும், என் ரத்தத்தில் சாட்சி சொல்லக் காத்திருந்தது.

மருந்துக் கடையில்தான் விசித்திரம். எம்பாக்ளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரை. வாயில் நுழையாது, வயிற்றில் நுழையும். ஒன்று கிட்டத்தட்ட அறுபது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தோம். 2025 மார்ச்சில் அதன் பேடண்ட் காலாவதி ஆனது. உள்ளூர்க் கம்பெனிகள் போட்டி போட்டு இறக்க, சில பிராண்டுகள் பத்து ரூபாய்க்கும் கீழே வந்தன. கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்: "அதே மருந்துதான் சார்." கூட வந்த மனைவி கேட்டாள்: "அப்ப இத்தனை நாளா மிச்சம் அம்பது ரூபாய்க்கு எதைச் சாப்பிட்டோம்?" அவர் உள்ளே ஸ்டாக் பார்க்கப் போய்விட்டார்.

அதே மார்ச்சில்தான் எடையையும் சர்க்கரையையும் சேர்த்துக் குறைக்கிற டிர்செபடைட் ஊசி இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒன்று, வந்த புதிதில் ஆரம்ப டோஸ் குப்பி 3,500 ரூபாய். "பசி அடங்கிடும்" என்றார் டாக்டர். விலையைக் கேட்ட அன்று ராத்திரி, ஊசி போடாமலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரசீதுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு ஆடிட்டரிடம் போனேன். பழைய வரிமுறையில் இருந்தால், 80டி பிரிவில் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய்வரை கழிக்கலாம் என்றார். "முன்தடுப்புன்னா வர்றதுக்கு முன்னாடி. உங்களுக்குத்தான் வந்துடுச்சே சார்" என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு அறுபது வயது தாண்டி, கையில் பாலிசியே இல்லாதவராக இருந்தால் மருத்துவச் செலவில் 50,000வரை கழிக்கலாம் என்றார். நான் தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். அறுபதுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது.

இத்தனைக்கும் சர்க்கரைக்கு இலவச வைத்தியம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. டாக்டர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப்பிரிவு தொடங்கியது 1948இல். பெரியாஸ்பத்திரிகளில் இன்றைக்கும் டாக்டர் பீஸ் கிடையாது, மாத்திரையும் காசில்லாமல் கிடைக்கும். டி.எம். படித்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். நான் போகாததற்குக் காரணம் கூட்டம் என்று வெளியே சொல்வேன். ஏ.சி.யும், "சார்" என்று கூப்பிடுகிற ரிசப்ஷனும்தான் நிஜக் காரணம். சார் என்கிற அந்த ஒரு சொல்லுக்கு மாதா மாதம் எவ்வளவு கொடுக்கிறேன் என்று மனைவி கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போனபோது திண்ணையில் ஒரு பெண் உட்கார்ந்து அத்தைக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். அத்தை தன் ரிசல்ட்டை எனக்குக் காட்டினாள். என்னுடையதைவிட நல்ல ரிசல்ட். நான் செலவழித்த தொகையை வாய்தவறிச் சொன்னேன். "ஏல, அம்புட்டுப் பணமா? அதுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாமே" என்றாள்.

"அண்ணனுக்கும் பாத்துருவோமா?" என்று அந்தப் பெண் பட்டையை என் கையில் சுற்றினாள். நம்பரைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"மாத்திர போடுதீங்களாண்ணே?"

"போடுறேன்."

"எங்க காட்டுதீங்க?"

சென்னையில் நான் போகும் இடத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்கயா? எங்க அண்ணன் ஒருக்க போயிட்டு வந்தான். கவுன்டர்ல பணம் கெட்டிட்டு வந்தப்புறம் பாத்தா யாருக்கும் இம்புட்டுத்தான் காட்டும்ணே. செத்த நேரம் உக்காருங்க, மறுக்கப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அத்தையின் நோட்டில் மாத்திரைக் கணக்கை எழுத ஆரம்பித்தாள்.