இரண்டாம் கரண்டி இயல்

ஊரில் புதிதாக ஒரு டிபன் கடை திறந்தால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நம்மவர்களுக்கு ஒரு செட் இட்லி போதும். 'இட்லி பஞ்சு', 'சாம்பார் சுமார்', 'ரேட்டு ஜாஸ்தி', 'ஆளுங்க சரியில்ல' என்று நாலு வார்த்தையில் ஒரு முதலாளியின் தலையெழுத்தை எழுதிவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுகிறார்கள். இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோனாஸ்டாக் என்ற நுண்ணுயிரைக்கூட விஞ்ஞானிகள் விட்டுவைக்கவில்லை. அதைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். அந்த இட்லி வெந்து தட்டுக்கு வந்த பிறகு நடப்பவற்றுக்குத்தான் இலக்கணம் இல்லை. அக்குறை நீக்க எழுந்தது இவ்வியல்.

முதலில் எல்லை. பெயர்ப்பலகையில் 'ஹோட்டல்' என்று இருக்க வேண்டும். தங்குவதற்கு அறை இருக்கக் கூடாது. வாசலில் தோசைக்கல், அதை ஒட்டிக் கல்லா, உள்ளே ஆறேழு டேபிள், சுவரில் மூன்று மதத்துச் சாமி படங்கள், அவற்றுக்குக் கீழே 'கடன் அன்பை முறிக்கும்' என்ற அருள்வாக்கு, அதற்கும் கீழே யாரும் படித்திராத பதினாலு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். இத்தனையும் உள்ள இடமே ஆய்வுக்களம். சட்னியைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்து, இன்னும் கொஞ்சம் கேட்டால் உள்ளே போய் யாரிடமோ உத்தரவு வாங்கி வரும் ஏசி ஹால்கள் இந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கடைகளை வைத்தே முடிவுகள் எட்டப்பட்டுள்ளன. பிற மாவட்டத்தார் தத்தம் வாளிகளில் சரிபார்த்துக்கொள்க.

இனி நூற்பா:

முதற்கண் இட்டது கடைமுறைக் கடனே;
கேளா தீந்த இரண்டாங் கரண்டியே
உணவகத் தகுதி உணர்த்தும் என்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், உணவகங்களின் தரம் அறியுமாறு உணர்த்துதல் நுதலிற்று. நாலு இட்லி கேட்டவன் தட்டில் முதல் கரண்டி சாம்பார் விழுவது வியாபாரம். அதற்குக் காசு உண்டு. அதில் கடைக்காரரின் குணம் தெரியாது. இரண்டாவது கரண்டிக்குக் காசு இல்லை. காசில்லாத இடத்தில் ஒரு மனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அவர் கடையின் தரம். 'கேளாது' என்றதனால், கேட்டு வாங்கியது இரண்டாந்தரம் என்பதும், மூன்று முறை கேட்டு வாங்கியது சாம்பாரே அன்று என்பதும் பெறப்படும். 'என்ப' என்றதனால் இது முன்னோர் கருத்து என்று கொள்க. எந்த முன்னோர் என்று கேட்டால், எதிர் டேபிளில் உட்கார்ந்திருந்த பெரியவர்.

சாம்பாருக்குக் காசில்லை என்பதை மறுப்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்க்கட்டும். இட்லி, வடை, பொங்கல், பூரி, ரோஸ்ட் என்று எல்லாவற்றுக்கும் நேராக எண் இருக்கும். சாம்பாருக்கு ஒரு வரிகூட இருக்காது. 2013இல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி கொடுத்தபோதும் சாம்பார் அந்த ஒரு ரூபாய்க்குள்ளேயே அடங்கியிருந்தது. 2017 நவம்பரில் உணவகங்களுக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதமாக்கினார்கள். அந்த 5 சதவீதமும் பில்லில் இட்லிக்கு உண்டு, தோசைக்கு உண்டு. பில்லில் பெயரே இல்லாத ஒன்றுக்கு வரி போடும் வழியை இதுவரை எந்த நிதியமைச்சரும் கண்டுபிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் நாள்தோறும் இத்தனை பேர் கைமாற்றும் பொருள் ஒன்று கணக்கிலேயே வராமல் போவது பொருளியலார் கவனிக்க வேண்டிய விஷயம்.

இனி வாளியின் இயக்கம். நாம் சாம்பாரைத் தேடும் நேரத்தில் சாம்பார் வாளி எப்போதும் அறையின் மறுகோடியில் இருக்கிறது. இது தற்செயல் அன்று. வாளியைச் சுமந்து வரும் சப்ளையர் கண்களைச் சுவர்க் கடிகாரத்தில் நிறுத்தி நடக்கப் பழகியிருக்கிறார். நாம் கை தூக்குகிறோம், தொண்டையைச் செருமுகிறோம், தம்ளரை டேபிளில் தட்டுகிறோம். அவர் 'இதோ வரேன்' என்று நமக்கும் சொல்லாமல் அடுத்தவருக்கும் சொல்லாமல் பொதுவாகக் காற்றில் சொல்லிவிட்டுப் போகிறார். பார்வைக் கோளாறு ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்தவர் எந்த டேபிளில் இன்னும் எழாமல் இருக்கிறார் என்பது அவருக்கு நாலு டேபிள் தாண்டியும் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான ஓர் அரிய இனமும் உண்டு. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் வயதான சப்ளையர் ஒருவர். தோளில் துண்டு, இடது கையில் சாம்பார் வாளி, வலது கையில் சட்னிக் கிண்ணங்களைக் கோத்த ஸ்டாண்டு. அவர் முகத்தையும் பார்ப்பதில்லை, தட்டையும் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்க்கிறார். இட்லியைப் பிட்ட விரல் தட்டின் ஓரத்துக்குப் போய் ஈரம் தேடி ஒரு சுற்று வழித்தால் முடிந்தது கதை, தோளுக்கு மேலிருந்து கரண்டி இறங்கிவிடும். 'போதும்ணே' என்று கையை நீட்டி மறைத்தால், 'அட, இருக்கட்டும் தம்பி' என்று கைக்கும் தட்டுக்கும் இடையில் உள்ள சந்தில் சொட்டு சிந்தாமல் அரைக் கரண்டி ஊற்றுவார். இவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தரப்போவதில்லை. கடை முதலாளி சம்பளத்தை உயர்த்தினாலே போதும்.

சாம்பார் இருக்க இட்லி தீரும். இட்லி வாங்கினால் சாம்பார் தீரும். இந்த வட்டத்தைப் பற்றி எல்லோரும் சிரித்தாயிற்று, ஆகவே விரிக்க வேண்டாம். கருமி முதலாளிகள் காதில் மட்டும் ஒன்று சொல்லலாம்: ஐந்தாவது இட்லியை விற்பது இரண்டாவது சாம்பார்தான். நாலாவது இட்லியை வறண்ட தட்டில் முடித்தவன் ஐந்தாவது கேட்டதாக ஆய்வில் ஒரு சான்றும் கிடைக்கவில்லை.

அடுத்து கால ஆராய்ச்சி. காலை ஏழு மணிக்கு அண்டாவிலிருந்து இறங்கும் சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கும், முழுச் சின்ன வெங்காயம் இருக்கும், பருப்பு கரண்டியில் ஒட்டும். எட்டரைக்கு அண்டா பாதியாகும்; அப்போது வெந்நீரும் கரைத்த கடலைமாவும் உள்ளே போகும். ஒன்பதரைக்கு மேல் வருவதில் முருங்கைக்காய் இருந்ததற்கான அறிகுறி மட்டும் எஞ்சும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. டிபன் சாம்பாரில் கடலைமாவு கரைப்பது பழைய வழக்கம்தான். எந்தக் கடையில் இரண்டாவது அண்டா வைக்கிறார்கள், எந்தக் கடையில் முதல் அண்டாவையே நீட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

தேங்காய்ச் சட்னி இதில் சாம்பாருக்கு நேர் எதிர். அரைத்த தேங்காய் நம் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். ஆகவே யோக்கியமான கடையில் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று தடவை அரைப்பார்கள். அங்கே இரண்டாவது சட்னி முதல் சட்னியைவிடப் புதிதாக இருக்கும்! மற்ற கடைகளில் விடியற்காலையில் அரைத்ததையே தண்ணீர் விட்டும், பொட்டுக்கடலை சேர்த்தும், கடுகு தாளித்தும் இளமையாக்கிக்கொண்டே போவார்கள். தேங்காய் விலை ஏறும் மாதங்களில் பொட்டுக்கடலையின் கை ஓங்கும். இதை நாக்கால் அறிய வேண்டியதில்லை, காதால் அறியலாம். ஒன்பதரை மணிக்கு உள்ளேயிருந்து கிரைண்டர் ஓடும் சத்தமும், நடுவே தேங்காய் உடைக்கும் சத்தமும் கேட்டால் தைரியமாக இன்னொரு தோசை சொல்லலாம். ரேடியோப் பாட்டு மட்டும் கேட்டால் காரச் சட்னியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சென்னை திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபேயை இவ்வியலில் அடக்க முடியவில்லை. அங்கே சாம்பாரை ஊற்றுவதே இட்லியை மூழ்கடிக்கத்தான். தலை தெரிந்தால் மறுபடி ஊற்றுவார்கள். கரண்டிக் கணக்கு அங்கே எடுபடாது. விதிவிலக்கு என்று குறித்துவிட்டு நகர்கிறோம்.

இரவுக்கு வருவோம். இருட்டியதும் மதுரையில் சாம்பார் ஓய்ந்து சால்னா ஆட்சிக்கு வருகிறது. நூற்பா அப்படியே நிற்கிறது, வாளிதான் மாறுகிறது. இங்கே சிக்கல் இன்னும் நுட்பமானது. கோழி வாங்கினவருக்குக் கோழிச் சால்னா, மட்டன் வாங்கினவருக்கு மட்டன் சால்னா, ஒன்றும் வாங்காமல் இரண்டு புரோட்டாவோடு நிறுத்தினவருக்கு வெறும் சால்னா என்று எழுதப்படாத சாதிப் பாகுபாடு ஒன்று வாளிகளுக்குள் நிலவுகிறது. விருதுநகர்ப் பக்கம் எண்ணெயில் பொரித்தெடுக்கும் புரோட்டா என்றால் மொறுமொறுப்பு அடங்கவே ஒரு கரண்டி தேவைப்படும். அந்த ஊர்க் கடைக்காரர்களின் பெருந்தன்மையை அளக்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புரோட்டாக் கடைக்கு உரைகல்லாகக் கொள்ள வேண்டிய காட்சி இது. கொத்து வேலை முடித்து வந்த பையன் ஒருவன், காதோரம் இன்னும் சிமெண்டுத் தூசி. 'பிச்சுப் போடவா, முழுசா வைக்கவா?' என்று கேட்கிறார் சப்ளையர். 'பிச்சுப் போடுங்கண்ணே, ரெண்டு.' வெறும் சால்னா விழுகிறது. ஊறிய பிறகு பையன் மெதுவாக, 'அண்ணே, மட்டன் சால்னா ஒரு ஓரமா...' என்று இழுக்கிறான். சப்ளையர் கல்லாவைப் பார்க்கிறார். கல்லாவில் இருந்த முதலாளி சட்டென்று குனிந்து பெட்டிக்குள் ஏதோ பத்து ரூபாய் நோட்டைத் தேட ஆரம்பிக்கிறார். தேடி முடிப்பதற்குள் தட்டில் மட்டன் சால்னா நிறைந்துவிட்டது. அடிக்கரண்டி என்பதால் தவறி விழுந்ததுபோல் ஒரு துண்டு எலும்பும். முதலாளி நிமிர்ந்தபோது அவருக்கு எதுவும் தெரியாது. அந்தக் கடையில் புரோட்டா கொஞ்சம் தடிமன், தண்ணீர் தம்ளரில் ஒடுக்கு, ஃபேன் ஒரு பக்கம்தான் சுற்றும். ஆயினும் நூற்பாவின்படி முதல் தரம்.

பார்சலுக்கு வருவோம். பார்சலில் இரண்டாம் கரண்டி கிடையாது. நூலைச் சுற்றிக் கட்டிய பிறகு யார் ஊற்றுவது? ஆகவே பார்சலை வைத்துச் சொல்லும் தீர்ப்பு எதுவும் செல்லாது. ஸ்விக்கியிலும் சொமாட்டோவிலும் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு என்று நட்சத்திரம் போட்டவர்கள் எல்லோரும் வாதியும் பிரதிவாதியும் வராத வழக்கில் தீர்ப்பு எழுதியவர்கள். ஒரே ஒரு விலக்கு தூக்குவாளிக்காரர். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, 'பாத்திரம் கொண்டு வரவும்' என்று பல கடைகளில் எழுதி ஒட்டினார்கள். பாத்திரம் கொண்டு போனவர்கள் கண்ட உண்மை இது:

தூக்கின் அளவே சாம்பார் அளவே.

நாலு தோசைக்குச் சின்னத் தூக்கை நீட்டினால் சின்னத் தூக்கு நிறைய வரும். பெரிய தூக்கை நீட்டினால் பெரிய தூக்கில் முக்கால் வரும். பாத்திரத்தைக் குறையாக விட்டுக் கொடுக்க நம்மூர்ப் பார்சல் மாஸ்டருக்குக் கை வராது. கடைசியில் ஒரு கரண்டி எடுத்து, தூக்குக்கு மேலே ஒரு கணம் நிறுத்தி யோசித்து, ஊற்றிவிடுவார். அது இரண்டாம் கரண்டியே என்று கொள்க.

மறுப்புகளுக்கும் விடை சொல்லியாக வேண்டும். சுத்தம் முக்கியமில்லையா என்பார் ஒருவர். முக்கியம்தான். ஆனால் டேபிளைத் துடைக்கும் துணியைப் பார்க்காதீர்கள், அது எல்லாக் கடையிலும் ஒரே துணி. கை கழுவும் குழாயைப் பாருங்கள். குழாயில் தண்ணீரும், பக்கத்தில் தேய்ந்த சோப்புத் துண்டும் இருந்தால் அடுப்படியில் பெரிய விபரீதம் இருக்காது. சோப்பு புத்தம் புதிதாக உறை பிரிந்த கோலத்தில் இருந்தால் ஆய்வாளர் யாரோ வரப்போகிறார் என்று பொருள்.

கனிவு வேண்டாமா என்பார் இன்னொருவர். வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்று, உள்ளே போனதும் வாளியை மறைத்துவைக்கும் கடைகளை என்ன செய்வது? நம் ஆய்வில் மேலே நின்ற சப்ளையர்கள் பலர் சிரித்ததே இல்லை. ஒருவர் கிட்டத்தட்ட திட்டினார்: 'வெறும் இட்லியத் திங்காதீங்க, விக்கும்!' ஊற்றிக்கொண்டேதான் திட்டினார். அதற்கு முழு மதிப்பெண்.

விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றால், கல்லாவில் வைத்திருக்கும், பணம் வந்ததும் பேசும் பெட்டி இப்போது எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொல்லிவிடுகிறது. க்யூஆர் கோடு வந்த பிறகு எவர் எவ்வளவுக்குச் சாப்பிட்டார் என்பது தெருவுக்கே தெரிகிறது. இரண்டாவது சாம்பார் கேட்டவர் எவர் என்பதை மட்டும் அந்தப் பெட்டி அறிவிப்பதில்லை, அதுவரை நன்று.

இவ்வியலைத் தங்கள் ஊரில் சோதிக்க விரும்புவோர் காலை ஒன்பதரைக்கு மேல் போகவும். இரண்டு இட்லி மட்டும் சொல்லவும், சாம்பார் கேட்க வேண்டாம், கையும் தூக்க வேண்டாம். ஏழரைக்கே போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டாம். அந்நேரத்தில் எல்லாக் கடையும் நல்ல கடைதான்.