படம் எடுக்கக் கூடாத ஊர்

புனேயில் விமானம் இறங்கும்போது ஓர் அறிவிப்பு வரும்: இது பாதுகாப்புத் துறை விமானதளம், படம் எடுக்கக் கூடாது. அதுவரை அந்த எண்ணமே இல்லாத ஐம்பது பேர் உடனே செல்போனைத் தேடுவார்கள். நானும்தான்.

ஊரின் பெயர் லோஹேகாவ். ஓடுபாதை விமானப்படையுடையது; நாமெல்லாம் குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரர் சுகோய் போர் விமானத்தை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால், நாம் ஓரமாக நின்று வழிவிட வேண்டும்.

இந்த ஊருக்கு ஆகாய சமாச்சாரம் புதிதில்லை. மராத்தி பக்திக் கவி துக்காராமின் தாய் பிறந்த ஊர் இது என்பார்கள். துக்காராம் உடம்போடு வைகுண்டம் பறந்த கதையை, 1936-ல் புனேயின் பிரபாத் ஸ்டூடியோக்காரர்கள் படமாகவே எடுத்துவிட்டார்கள். ஓடுபாதை கிடையாது, போர்டிங் பாஸ் கிடையாது. பறவை வாகனம் வந்தது, ஏறினார், போனார். மறு வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குப் பாராட்டு கிடைத்தது. இதற்குள் வெள்ளைக்காரனுக்கும் பறக்கும் ஆசை வந்து, 1939-ல் லோஹேகாவில் விமானதளம் போட்டான்.

காரணம், பம்பாய். அதற்கு வானத்திலிருந்து ஆபத்து வரும் என்று கணக்கு. மஸ்கிட்டோ, வெலிங்டன், லிபரேட்டர் என்று விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள்.

ஆபத்து கப்பலில் வந்தது. அதுவும் சொந்தக் கப்பலில்.

1944 ஏப்ரல் 12 அன்று பம்பாய் துறைமுகத்துக்குள் வந்த ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அது போதாதென்று கராச்சியில் 8,700 பேல் பருத்தியையும் ஏற்றியிருந்தார்கள். கூடவே 31 பெட்டித் தங்கக் கட்டிகள். பட்டாசுக் கடைக்குள்ளேயே பஞ்சு மெத்தை வியாபாரமும் பண்ணிக்கொள்கிறேன் என்று சிவகாசியில் யாராவது லைசென்ஸ் கேட்டால், தாசில்தார் எழுந்து அடிக்க வருவார். ஆனால் சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தில் தாசில்தாரிடம் யார் கேட்கிறார்கள்? 14-ஆம் தேதி மதியம் பஞ்சில் தீ பிடித்தது. மாலை நான்கு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி, சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியே அதைப் பதிவு செய்தது. பம்பாயில் தங்கக் கட்டிகள் வீட்டுக்கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தன. தெய்வம் கொடுப்பதற்கு மட்டுமே என்று நாம் வைத்திருந்த பழமொழி அது.

எண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் 66 பேர் தீயை அணைக்கப் போனவர்கள். ஏப்ரல் 14 இன்றும் அவர்கள் நினைவாகத் தீயணைப்பு சேவை தினம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு, பிறகு வந்த ஆபீசர்களைப் பார்த்து.

அவர்கள் செய்தியை மறைக்கத் தீர்மானித்தார்கள். ஊரே காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, சில பேர் வராந்தாவிலிருந்து கையால் பொறுக்கிய செய்தியை! மறுநாளே ஜப்பான்காரன் கையிலிருந்த சைகோன் ரேடியோ உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டது. இங்கே நிருபர்களுக்கு அனுமதி கிடைத்தது மே இரண்டாவது வாரத்தில்தான். வெடிப்பையும் அதன் நாசத்தையும் சுதீஷ் கட்டக் என்ற ஒளிப்பதிவாளர் படம் பிடித்திருந்தார். இயக்குநர் ரித்விக் கட்டக்கின் அண்ணன். ராணுவ அதிகாரிகள் வந்து படச்சுருளைப் பறிமுதல் செய்தார்கள். பின்னால் அதில் சில துண்டுகளை மட்டும் நியூஸ் ரீலாகக் காட்டினார்கள். பம்பாய்க்காரன் தன் வீடு எரிந்ததை, சென்சார் ஆனபிறகு டிக்கெட் வாங்கிப் பார்த்தான்.

இத்தனைக்கும் யுத்த நியூஸ் ரீலைக் கட்டாயம் ஓட்டியாக வேண்டும் என்று தியேட்டர்காரர்களுக்குச் சட்டம் போட்டதும் இதே சர்க்கார். அதற்கென்றே இருந்த படப்பிரிவை, சண்டை முடிந்ததும் 1946-ல் மூடியும் விட்டார்கள். விளைவு, 1947 ஆகஸ்ட் 15 அன்று சர்க்காரிடம் சொந்தமாக ஒரு படப்பிரிவு இல்லை. அடுத்தவன் சண்டைக்கெல்லாம் கேமரா பிடித்தவன், தன் கல்யாணத்தன்று போட்டோகிராபர் இல்லாமல் நின்ற கதை. 1948-ல் பிலிம்ஸ் டிவிஷன் வந்தது. அது நியூஸ் ரீல் போட, நம் ஜனங்கள் அந்த நேரத்தில் வெளியே போய் முறுக்கு வாங்கினார்கள்.

1961 டிசம்பர் 18 அன்று, போர்த்துகீசியர் பிடியில் இருந்த கோவாவின் டபோலிம் ஓடுபாதையின் மேல், லோஹேகாவிலிருந்து கிளம்பிய 12 கான்பரா விமானங்கள் 63,000 ராத்தல் குண்டு போட்டன. அன்று ராத்திரியே போர்த்துகீசியர்கள் குழிகளைத் தூர்த்து, அங்கே நின்ற இரண்டு பயணிகள் விமானங்களில் அதிகாரிகளின் குடும்பங்களை ஏற்றிக் கராச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். நம் நகராட்சிகள் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டிய ரோடு வேலை. 451 வருஷ ஆட்சி மறுநாள் முடிந்தது. லிஸ்பனில் துக்கம் காத்து சினிமா தியேட்டர்களை மூடினார்கள். படம் ஓடினால்தானே நியூஸ் ரீல் ஓடும்!

ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பலின் பஞ்சுக்கே திரும்புகிறேன். பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்தால் வெடிப்பஞ்சு வரும், பீரங்கிக்குப் போடலாம். பக்குவத்தைச் சற்றுக் குறைத்தால் அதே கலவையில் சினிமா பிலிம் வரும். இரண்டு உலக யுத்தங்களின் நியூஸ் ரீல்கள் ஓடியது இந்த நைட்ரேட் பிலிமில்தான். தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும். பழசாகிவிட்டால், வெயில் உறைத்தாலே போதும். ஆக, யுத்தத்தைப் படம் பிடித்து வைத்தவர்கள் வெடிமருந்தின் மேலேயேதான் அதைப் பதித்து வைத்தார்கள்.

புனேயில் 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. நைட்ரேட் பிலிம்களுக்கான கிடங்கு, திரைப்படக் கல்லூரியாகிவிட்ட பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில். காட்கியில் 1869 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை, லோஹேகாவில் போர் விமானங்கள் என்று ஊர் முழுக்கப் படைச்சாமான். ஆனால் 2003 ஜனவரி 8 அன்று தீப்பிடித்தது இந்தப் படக்கிடங்கு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ரீல்கள் போயின. பிரபாத்தின் பழைய படச்சுருள்களும் அதில் அடக்கம். துக்காராமைப் பறக்கவைத்த அதே இடத்திலிருந்து, இந்த முறை மேலே போனது புகை.

படம் எடுக்கக் கூடாத லோஹேகாவில் ஒருநாள் மட்டும் கேமராக்கள் வரிசை கட்டி நின்றன. 2006 ஜூன் 8. ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர், 74 வயதில், விமானியின் உடுப்பு மாட்டிக்கொண்டு சுகோய் ஏணியில் ஏறினார். இரண்டாம் உலக யுத்தம் அவருக்குத் தந்த முதல் உத்தியோகம், ரயில் நிற்காமல் போனதால் தூக்கி வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடிப்பது. பிற்பாடு விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். எட்டுப் பேரை எடுத்தார்கள்; அவர் ஒன்பதாவது. 2006-லோ அவர் ஜனாதிபதி, முப்படைகளுக்கும் தலைவர்; யாரும் வரிசை எண் கேட்கவில்லை. தலைக்கவசத்துக்குள் அந்த முடியை எப்படி அடக்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடாத ராணுவ ரகசியம்.