முப்பது சாம்பிள் தம்பி

முப்பது பேர் கிடைத்தால் போதும், அவன் பட்டதாரி. பசுவந்தனையில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கிளிப் அட்டையுமாக அவன் கோவில்பட்டி பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்ததும் டீக்கடை பெஞ்சு காலியாகிவிடும். எல்லாருக்கும் திடீரென்று புஞ்சையில் வேலை வந்துவிடும்.

படிப்பது பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். இந்தப் பெயரைச் சொந்தக்காரர்களிடம் முழுசாகச் சொல்லிப் பார்த்தான். "ஆம்புலன்ஸ் ஓட்டப் படிக்கியா?" என்றார்கள். முதலில் மறுத்தான், பிறகு விளக்கினான், இப்போது "ஆமா" என்று சொல்லிவிடுகிறான்.

படிப்பு அவன் கண்ணையும் காதையும் மாற்றிவிட்டது. கல்யாண வீட்டில் மற்றவர்கள் பெண்ணின் வளையலைப் பார்த்தால், இவன் வளையலுக்கு மேலே ஓடுகிற நரம்பைப் பார்ப்பான். "நல்ல வெயின்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒருமுறை மாப்பிள்ளையிடம் முறைப்பு வாங்கியிருக்கிறான். கைலாசநாதர் கோயில் திருவிழாவில் மேளம் வேகமெடுத்தால் வாட்சைப் பார்த்து எண்ணுவான். நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபதுக்குள் இருந்தால் தலையாட்டுவான். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்த வேண்டிய வேகம் அது. மேளக்காரர் தம்பிக்கு நல்ல ரசனை என்று நினைத்துக்கொள்வார்.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட் வந்தது. தலைப்பு இது: 'எ ஸ்டடி டு அசெஸ் த நாலெட்ஜ் அண்ட் ஆட்டிட்யூட் ரிகார்டிங் ப்ரீ ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் ஆஃப் ஸ்னேக் பைட் அமங் அக்ரிகல்ச்சுரல் ஒர்க்கர்ஸ் இன் எ செலக்டட் ரூரல் ஏரியா.' ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பசுவந்தனை என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. ஊர் 'செலக்டட்' ஆகிவிட்டது. இந்தத் தலைப்புக்குக் கைடு ஒப்புதல் தருவதற்குள் எட்டு 'ஆஃப்' இடம் மாறின, இரண்டு பாக்கெட் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் செலவானது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், வீண்போகவில்லை.

முதல் அத்தியாயத்தில் அவன் வலுவாகவே இருந்தான். பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-ல் தமிழ்நாடு அரசு அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இரண்டையும் தடித்த எழுத்தில் போட்டான். இரண்டாவது அத்தியாயத்தில் எத்தியோப்பியா, நேபாளம், பிரேசில் எல்லாம் போய்வந்தான். பக்கத்து ஒட்டப்பிடாரம் மட்டும் அகப்படவில்லை. மூன்றாவது அத்தியாயத்துக்குக் கேள்வி கேட்க முப்பது ஆள் வேண்டும். அப்போதுதான் பசுவந்தனை அத்தை வீட்டு ஞாபகம் வந்தது.

அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடியே பதினோரு பேரைக் கூப்பிட்டுத் தந்தாள். இதை அவன் ஆய்வேட்டில் 'கன்வீனியன்ஸ் சாம்பிளிங்' என்று எழுதியிருக்கிறான். மீதிப் பேருக்குத் தெருவில் இறங்கினான். ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் வில்லங்கம் தொடங்கியது. காற்றாலைக் காத்தாடிக்காரனும் சோலார்க்காரனும் புஞ்சை கேட்டு வந்துபோன ஊர்.

"கைநாட்டு எதுக்கு ராசா? நெலத்தை எழுதி வாங்கவா?"

"இல்ல பாட்டி, நீங்க விருப்பப்பட்டுத்தான் பதில் சொல்றீங்கன்னு ஒரு அத்தாட்சி."

"விருப்பமே இல்லையே."

அந்தப் பாட்டிதான் பன்னிரண்டாவது சாம்பிள். பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்பது ஏழாவது கேள்வி. இறுக்கிக் கட்டுவேன், கீறி விடுவேன், அசைக்காமல் ஆஸ்பத்திரி கொண்டுபோவேன், மந்திரிப்பேன் என்று நான்கு விடை. கீழே 'இதர, குறிப்பிடுக' என்று ஒற்றை வரி.

"எங்க வச்சுக் கடிச்சது?" என்றாள் பாட்டி.

"எங்க வச்சா என்ன பாட்டி?"

"வீட்டுல வச்சுன்னா வண்டி வாசலுக்கு வந்துரும். புஞ்சையில வச்சுன்னா? ஐப்பசி கார்த்திகையில கரிசல் காட்டுக்குள்ள ஒன் வண்டி வருமா? டயரு ஒரு சுத்து சுத்தும், அம்புட்டுத்தான். ஆளைக் கட்டில்ல போட்டு தார் ரோட்டுக்குத் தூக்கியாரணும். போன் பண்ணினா எங்க இருக்கீகன்னு கேக்கான். ஓடைக்கு மேக்க, உளுந்துக் காட்டுலன்னா அவனுக்கு வெளங்குமா? ரோட்டுல இருந்து மூணாவது காத்தாடின்னு சொல்லணும். அதுக்கு நம்பர் எழுதிருக்கு. பாத்துச் சொல்லத் தெரியணும்."

தம்பி 'இதர' வரியில் எழுதினான். இடம் போதாமல் மார்ஜினில் ஏறி, பின்பக்கம் போய், சம்மதப் படிவத்தின் முதுகிலும் எழுதினான். பதின்மூன்றாவது ஆளும் அதையே சொன்னார். பதினாறாவது ஆள், ஏர்க்காலில் கட்டில் கட்டித் தூக்கிய கதை சொன்னார்.

பிறகு விழிப்புணர்வு வகுப்பு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலு படம் காட்டினான். படம் வருவதற்கு முன்பே பெண்கள் பெயர் சொன்னார்கள். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பு பிடித்து விஷம் எடுப்பதையும், அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து செய்வதையும் சொன்னபோது கூட்டம் வாய்பிளந்தது. "குதிரைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றது ஒரு குரல். அதற்கு அவனிடம் சிலைடு இல்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்கக் குதிரை பற்றித்தான் பேச்சு.

தாள்களோடு திருநெல்வேலிக்குப் போனான். அங்கே ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் இருக்கிறார். ஊர் உலகத்து ப்ராஜெக்ட்டெல்லாம் அவர் கம்ப்யூட்டரில்தான் கரையேறும். அவர் 'இதர' பக்கத்தைப் புரட்டி, "இதை எந்தக் கட்டத்துல போடுறது?" என்றார். கைடிடம் கேட்டார்கள். "எடுத்துரு, டேபிள் கெட்டுப்போகும்" என்றார் கைடு. எடுத்தாயிற்று. மீதியை வைத்து 1900-ல் கார்ல் பியர்சன் கண்டுபிடித்த கை ஸ்கொயர் சோதனையைப் போட்டுப் பார்த்ததில், வயதுக்கும் அறிவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று வந்தது. அத்தையிடம் சொன்னான். "உங்க மாமாவைப் பாத்தே இதைச் சொல்லிருப்பேனே" என்றாள்.

ஆய்வேடு தடித்த ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்தோடு வந்தது. அதில் அவன் சொந்தமாக எழுதியது நன்றியுரை மட்டும். கடவுளில் தொடங்கி, பெற்றோர், கைடு, ஜெராக்ஸ் கடை அண்ணன், அத்தை என்று மூன்று பக்கம். வைவாவில் வந்த பரிசோதகர் அந்த மூன்று பக்கத்தையும் உன்னிப்பாகப் படித்தார். முடிவுரை ஒரே வரி: கிராம மக்களுக்கு விழிப்புணர்வு தேவை. பாஸ்.

இப்போது 108 ஆம்புலன்ஸில் இருக்கிறான். தமிழ்நாட்டில் அந்த வண்டி 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியபோது அவன் ஒண்ணாம் வகுப்பு. ஓட்டுநருக்கு அங்கே பைலட் என்று பெயர். போன கார்த்திகையில் மழை ராத்திரி, காட்டுக் காவலுக்குப் போனவருக்குப் பாம்புக்கடி என்று அழைப்பு. வண்டி புறப்பட்டதும் தம்பி அழைப்பு வந்த நம்பருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ரோட்டுல இருந்து எத்தனாவது காத்தாடி? நம்பர் என்ன போட்டுருக்கு? சரி, நாங்க உள்ள வர முடியாது, கட்டில்ல வச்சு தார் ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்துருங்க. அவரை நடக்க விடாதீங்க. காலைக் கட்டாதீங்க, கீறாதீங்க."

வண்டியும் கட்டிலும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பைலட் கேட்டார்: "காத்தாடி நம்பர், கட்டில்... இதெல்லாம் எந்தப் புக்குலடா இருக்கு?"

"என் ப்ராஜெக்ட்ல இருந்துச்சுண்ணே. டேபிள் கெட்டுப்போகும்னு எடுக்கச் சொல்லிட்டாங்க."